கிரெடிட் எங்கே செல்லும்? அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளும் மாற்று ஒப்பந்தங்களும்

அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டப்படிப்பை இரண்டாகப் பிரித்துப் படிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டு வருடம் ஊரிலேயே உள்ள கம்யூனிட்டி காலேஜில், அதாவது சமுதாயக் கல்லூரியில். அடுத்த இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில். சமுதாயக் கல்லூரியில் சேர பெரிய மதிப்பெண் தேவையில்லை. கட்டணமும் குறைவு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்பில் உட்காரலாம். அங்கே தேறிய பாடங்களைக் கணக்கில் காட்டி, நேராக மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்றுதான் முதலில் கேட்கும்போது தோன்றும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே படித்த பாடமும் அங்கே நடத்தும் பாடமும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? படித்த மாணவர் சொன்னால் செல்லாது. பாடம் நடத்திய ஆசிரியர் சொன்னாலும் செல்லாது. சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி வைப்பதுதான் கிரெடிட் மாற்று ஒப்பந்தம். அந்த நாட்டில் ஆர்டிகுலேஷன் ஒப்பந்தம் என்பார்கள்.

இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டு போனால் ஒரு விஷயம் புரிகிறது. இரண்டு பாடங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது ஒரு பக்கம். ஆனால் வரப்போகும் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு தேவை என்பதுதான் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பலத்தைத் தீர்மானித்திருக்கிறது.

பென்ஷனில் பிறந்த அளவுகோல்

முதலில் கிரெடிட் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் இருந்தால் ஒரு கிரெடிட். வாரம் மூன்று மணி நேரம் என்றால் மூன்று கிரெடிட். இப்படிச் சுமார் 120 கிரெடிட் சேர்த்தால் இளநிலைப் பட்டம். அதில் பாதி, 60 கிரெடிட், சமுதாயக் கல்லூரியின் இரண்டு வருடப் படிப்பு.

இந்த மணிக்கணக்கு பரவியதற்குக் காரணம் கல்விச் சிந்தனை மட்டும் இல்லை, பென்ஷனும்தான்! இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905ல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அதை நிர்வகித்த கார்னகி அறக்கட்டளை, 'எங்கள் பணம் வேண்டும் என்றால் உங்கள் கல்லூரியில் சேர்பவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இத்தனை யூனிட் முடித்திருக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டது. வருடத்துக்கு 120 மணி நேர வகுப்பு ஒரு யூனிட். பென்ஷன் வேண்டும் என்பதால் கல்லூரிகள் வரிசையாக ஒத்துக்கொண்டன. பள்ளிப் படிப்பை அளக்க வந்த இந்த வழக்கத்தோடு, கல்லூரிப் படிப்பையும் மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் நிலைபெற்றது.

இதனால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. அளவு ஒன்றாகிவிட்டதால், ஓரிடத்துப் படிப்பை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போக முடியும் என்ற எண்ணமே சாத்தியமானது. ஆனால் இந்த அளவுகோல் நேரத்தை அளந்ததே தவிர, அந்த நேரத்தில் என்ன கற்றார்கள் என்பதை அளக்கவில்லை. பின்னால் வந்த சண்டைகளில் பாதி இந்த இடைவெளியில் முளைத்தவைதான்.

ஜோலியட், 1901

சிகாகோ நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஜோலியட் என்ற ஊர். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். இவர்கள் இருவருடைய முயற்சியில் 1901ல் அந்தப் பள்ளியிலேயே, பள்ளி முடித்தவர்களுக்குக் கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அதுதான் இன்றைய ஜோலியட் ஜூனியர் கல்லூரி. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் அரசு இரண்டு வருடக் கல்லூரிகளில் மிகப் பழையது.

இதில் ஹார்ப்பருக்கு என்ன லாபம்? ஜெர்மனியின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து அமெரிக்கக் கல்வியாளர்கள் பலர் மயங்கியிருந்த காலம் அது. முதல் இரண்டு வருடம் உண்மையில் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சிதான், அதை வெளியே தள்ளிவிட்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைக் கவனிக்கலாம் என்று நினைத்தார்கள். ஹார்ப்பர் தன் பல்கலைக்கழகத்தையே கீழ்ப்பிரிவு, மேல்பிரிவு என்று இரண்டாகப் பிரித்திருந்தார். கீழ்ப்பிரிவுக்கு அவர் வைத்த பெயர்தான் 'ஜூனியர் காலேஜ்'.

ஆக, இந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஏழை மாணவர்கள் மீதான இரக்கம் மட்டும் இல்லை. முதல் இரண்டு வருடத்தை வேறு யாராவது சுமந்தால் நல்லது என்ற பல்கலைக்கழகத்தின் ஆசையும் அதில் இருந்தது. அந்த ஆசை இருந்தவரை, ஜோலியட்டில் படித்ததை ஏற்பதில் ஹார்ப்பருக்குத் தயக்கம் இல்லை. இரண்டு தலைவர்களுக்கு இடையே இருந்த புரிதலே போதுமானதாக இருந்தது. ஆனால் கடைசியில் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் முதல் இரண்டு வருடத்தைக் கைவிடவே இல்லை. அதனால் ஜூனியர் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகவும் ஆகவில்லை, முழுக்கப் போட்டியாகவும் ஆகவில்லை. இரண்டுங்கெட்டான் நிலை.

கலிபோர்னியாவின் கணக்கு

இந்தத் திட்டம் வேகமாக வளர்ந்த மாநிலம் கலிபோர்னியா. உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரி முதலிரண்டு வருடப் பாடங்களை நடத்தலாம் என்று 1907ல் அங்கே சட்டம் வந்தது. 1910ல் ஃபிரெஸ்னோ அதைப் பயன்படுத்தி முதல் ஜூனியர் கல்லூரியைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் தொலைவில் இருந்த ஊர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கூட்டம் பெருகியது. 1944ல் வந்த ஜி.ஐ. சட்டத்தின் உதவியோடு சுமார் 22 லட்சம் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள். 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையத்தின் அறிக்கை 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரைப் பரப்பியது. 1960களில் அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் புதிய சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

1960ல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. கிளார்க் கெர் இதில் முக்கியமானவர். பள்ளி முடிப்பவர்களில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும் ஜூனியர் கல்லூரி. பார்த்தால் சாதி அடுக்கு போல இருக்கும். அதை நியாயப்படுத்தியது ஒரே ஒரு விஷயம்தான்: கீழே சேர்ந்தவர் நன்றாகப் படித்தால் மூன்றாம் வருடத்தில் மேலே வரலாம் என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகங்களில் முதலிரண்டு வருட மாணவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மீதி 60 சதவீதம் மேல் வகுப்பாக இருக்க வேண்டும் என்றும் திட்டத்தில் எழுதினார்கள்.

அதே 1960ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கசப்பான கட்டுரை எழுதினார். சான் ஹோசே ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்த அவர், இந்தக் கல்லூரிகள் மாணவர்களின் ஆசையை மெல்ல மெல்ல ஆறப்போடுகின்றன என்றார். வாசலில் எல்லோரையும் வரவேற்று, பிறகு ஆலோசனை, தேர்வு என்று சொல்லிச் சொல்லி, பட்டக் கனவைத் தாமாகவே விட்டுவிடும்படி செய்துவிடுகின்றன என்பது அவர் வாதம். இந்த வாதம் இன்றும் பேசப்படுகிறது. மாற்று ஒப்பந்தம் வெறும் அலுவலகக் காகிதம் இல்லை என்பதற்கு இதுவே காரணம். மேலே போகும் படி உடைந்திருந்தால் கிளார்க் சொன்னதுதான் உண்மையாகிவிடும்.

ஒப்பந்தம் எப்படிப் போடுகிறார்கள்?

சமுதாயக் கல்லூரியில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பாடத்துக்கு முழு விவரம் எழுதுவார்கள்: என்னென்ன தலைப்புகள், வாரம் எத்தனை மணி நேரம், ஆய்வகம் உண்டா, எந்தப் பாடநூல், முன்பே என்ன படித்திருக்க வேண்டும், தேர்வு எப்படி. அதிகாரி இதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். அங்கே சம்பந்தப்பட்ட துறை ஆசிரியர்கள் தங்கள் பாடத்தோடு ஒப்பிட்டு, சமம் அல்லது சமம் இல்லை என்று முடிவு சொல்வார்கள். சமம் என்றால் பட்டியலில் ஏறும். இரண்டு பக்கமும் பாடத்திட்டம் மாறும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கல்யாணப் பேச்சு மாதிரிதான். பேச்சுவார்த்தை என்று பெயர் இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் கைதான் ஓங்கியிருக்கும். இங்கே மாப்பிள்ளை வீடு பல்கலைக்கழகம்.

வேலை எவ்வளவு பெருகும் என்று பாருங்கள். ஒரு சமுதாயக் கல்லூரியில் நூற்றுக்கணக்கான பாடங்கள். அக்கம்பக்கத்தில் பத்துப் பல்கலைக்கழகங்கள் என்றால் பத்து இடத்திலும் தனித்தனியாகப் பேச வேண்டும். கலிபோர்னியாவில் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனை இணைகளையும் கையால் தேட முடியாது என்பதால்தான் 1985ல் அங்கே அசிஸ்ட் என்ற கணினித் தகவல் தொகுப்பைத் தொடங்கினார்கள். 1991ல், மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளும் ஏற்கும் பொதுக்கல்விப் பாடங்களின் பட்டியல் ஒன்றும் வந்தது.

பாடம் ஒன்றாகவே இருந்தாலும் இடறும் இடங்கள் உண்டு. வருடத்தை இரண்டாகப் பிரிக்கும் கல்லூரியும் மூன்றாகப் பிரிக்கும் பல்கலைக்கழகமும் பேசும்போது 3 கிரெடிட் 4.5 ஆகும். இரண்டு பருவத்தில் முடியும் நுண்கணிதத்தைப் பாதியில் விட்டு வந்தால், மூன்று பருவமாக நடத்தும் இடத்தில் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. ஒரே பாடத்தைப் பல்கலைக்கழகம் மூன்றாம் வருடத்தில் நடத்தினால், இரண்டாம் வருடத்தில் படித்தது பெரும்பாலும் அதற்கு ஈடாகாது.

இவற்றைவிடப் பெரிய பொறி இன்னொன்று. கிரெடிட்டை ஏற்பது வேறு, பட்டத்துக்கு எண்ணுவது வேறு. பொருளாதாரம் படிக்கப் போகும் ஒரு மாணவி புள்ளியியல் படித்துவிட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் 'மூன்று கிரெடிட் ஏற்றுக்கொண்டோம்' என்று கடிதம் தரும். அவளுக்கும் சந்தோஷம். ஆனால் பொருளாதாரத் துறை, 'எங்கள் புள்ளியியலுக்கு இது ஈடல்ல, விருப்பப் பாடமாக வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டால், அதே பாடத்தை மறுபடியும் காசு கட்டிப் படிக்க வேண்டும். கடிதத்தில் கிரெடிட் இருக்கும், பட்டத்துக்கு உதவாது.

புளோரிடா காட்டிய வழி

இந்த ஒவ்வொரு பாடமாகப் பேசும் முறைக்கு மாற்று வழியைத் தெளிவாகக் காட்டிய மாநிலம் புளோரிடா. அங்கே சமுதாயக் கல்லூரி அமைப்பை வடிவமைத்தவர் ஜேம்ஸ் வாட்டன்பார்கர். 1971ல் மாநில அளவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொதுக்கல்வி 36 கிரெடிட் உட்பட 60 கிரெடிட்டோடு இரண்டு வருட ஏ.ஏ. பட்டம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் வருட இடம் உறுதி. பொதுக்கல்வி முடிந்தது என்று சமுதாயக் கல்லூரி சொல்லிவிட்டால் பல்கலைக்கழகம் அதை மறுபடியும் தோண்டக்கூடாது. விரும்பிய பல்கலைக்கழகமே, விரும்பிய துறையே கிடைக்கும் என்று உறுதி இல்லை. இடம் குறைவான துறைகளுக்குத் தனி விதி. ஆனாலும் அந்தக் காலத்துக்கு இது பெரிய பாய்ச்சல்.

அதோடு நிற்கவில்லை. 1970களிலேயே மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண்களையும் உருவாக்கினார்கள். முதல் வருட ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எந்த அரசுக் கல்லூரியில் நடந்தாலும் ஈ.என்.சி. 1101தான். துறையைக் குறிக்கும் மூன்று எழுத்தும் கடைசி மூன்று இலக்கமும் ஒத்திருந்தால் பாடம் சமம், பேச்சுக்கே இடமில்லை. மாணவர் தன் மதிப்பெண் பட்டியலைத் தானே பார்த்து எது செல்லும் என்று சொல்லிவிடலாம்.

மற்ற மாநிலங்கள் திணறியபோது புளோரிடாவில் மட்டும் எப்படி முடிந்தது? முதல் பத்தியில் சொன்ன அந்த 'மூன்றாம் வருடம்' என்பதில்தான் விடை இருக்கிறது. போகா ரடோன் நகரில், போர்க்காலத்து ராணுவ விமானத் தளம் ஒன்றில், 1964ல் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதிபர் லிண்டன் ஜான்சனே திறப்பு விழாவுக்கு வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமும் இல்லை, இரண்டாம் வருடமும் இல்லை! மூன்றாம் வருடத்தில்தான் இளநிலை வகுப்பே தொடங்கும். 1967ல் மேற்கு புளோரிடா, 1972ல் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம், வடக்கு புளோரிடா ஆகியவையும் இதே மாதிரி தொடங்கின. சமுதாயக் கல்லூரிகளிலிருந்து மாணவர் வராவிட்டால் இவற்றின் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கும். அதனால் முறுக்கிக்கொள்ள முடியவில்லை. ஹார்ப்பர் கனவு கண்ட மேல்பிரிவுப் பல்கலைக்கழகம் ஒரு வகையில் இங்கேதான் கட்டப்பட்டது. 1980களில் இவையும் முதல் வருட மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அதற்குள் ஒப்பந்தமும் எண் முறையும் வேரூன்றிவிட்டன.

நியூயார்க்கில் ஆசிரியர்களின் எதிர்ப்பு

ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தால் சிக்கல் இருக்காது என்று நினைப்போம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு மாதிரி. சமுதாயக் கல்லூரிகளும் நான்கு வருடக் கல்லூரிகளுமாக 20க்கும் மேற்பட்டவை அந்த ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. இருந்தும் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மாணவர்கள் கிரெடிட்டை இழந்துகொண்டுதான் இருந்தார்கள். 2011ல் நிர்வாகக் குழு 'பாத்வேஸ்' என்ற திட்டத்தை நிறைவேற்றியது. 30 கிரெடிட் கொண்ட ஒரு பொதுக்கல்வித் தொகுப்பு. ஓரிடத்தில் முடித்தால் எல்லா இடத்திலும் முடிந்ததாகக் கணக்கு. 2013ல் அமலுக்கு வந்தது.

ஆசிரியர் சங்கம் கடுமையாக எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை. அவர்கள் தரப்பைக் கேட்காமல் தள்ளிவிடவும் முடியாது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆசிரியர் உரிமை, மேலிருந்து அதிகாரிகள் கத்தரித்தால் படிப்பே மெலிந்துவிடும் என்றார்கள். ஒரு சமுதாயக் கல்லூரியின் ஆங்கிலத் துறை, எழுத்துப் பயிற்சிப் பாடம் வாரம் நான்கு மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறையும் என்பதற்காகவே எதிர்த்து வாக்களித்தது. பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு அந்த நான்காவது மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை.

மறுபக்கம் மாணவர் நிலை. படித்து, தேர்வெழுதி, பணமும் கட்டி முடித்த பாடம், அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கட்டடத்தில் செல்லாது என்றால் அதை எந்தத் தரத்தின் பேரால் நியாயப்படுத்துவது? இரண்டு பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் விலை கொடுத்தது ஒரே தரப்புதான்.

எவ்வளவு விலை?

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் சுமார் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்றது. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களுக்குக்கூட இழப்பு சுமார் 37 சதவீதம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2007ல் சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறினார்கள். ஆறு வருடத்தில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் சுமார் 14 சதவீதம். எல்லாவற்றுக்கும் கிரெடிட் இழப்பே காரணம் என்று சொல்ல முடியாது. வேலை, குடும்பம், பணம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் 60 கிரெடிட் படித்துவிட்டு வந்தவரிடம் 'உனக்கு 35தான்' என்றால் அவர் ஏறக்குறைய ஒரு வருடத்தை மறுபடியும் வாழ வேண்டும். உதவித்தொகையும் கடனும் அதுவரை காத்திருக்காது.

கலிபோர்னியா இதைத் திருத்த 2010ல் ஒரு சட்டம் போட்டது. சமுதாயக் கல்லூரியில் மாற்றத்துக்கென்றே வடிவமைத்த 60 கிரெடிட் பட்டத்தை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உண்டு. அங்கே அதே துறையில் 60 கிரெடிட் மட்டுமே கேட்கலாம், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்கச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு பாடமாகப் பேசுவதை விட்டுவிட்டு, முழுப் பட்டத்தையே ஏற்கும் முறை. ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அங்கே சேர வருபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2021ல் இன்னொரு சட்டம்: சமுதாயக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாடங்களுக்கு ஒரே எண் முறை வர வேண்டும். புளோரிடா 1970களில் செய்து முடித்த வேலை. தொழில்நுட்பத்துக்குப் பேர்போன மாநிலத்துக்குப் பாடங்களுக்கு ஒரே எண் வைக்க ஏன் ஐம்பது வருடம் பிடித்தது? கணினி இல்லாமல் இல்லை. பாடங்களை ஒப்பிடத் தெரியாமலும் இல்லை. இதை முடித்தே தீரவேண்டும் என்ற அவசரம் இடம் கொடுப்பவர்களுக்கு இருக்கவில்லை, இடம் கேட்பவர்களுக்குத்தான் இருந்தது. கேட்பவர்களோ இரண்டு வருடத்தில் கல்லூரியை விட்டுப் போய்விடுகிறவர்கள். அடுத்த வருடம் வருகிறவர்கள் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார்கள்.